பெறாதவர்கள் கற்ற பிள்ளை வளர்ப்பு

கேள்வி: கல்யாணமே ஆகாத ஆராய்ச்சி மாணவர்களுக்குப் பிள்ளை வளர்ப்பைப் பற்றி என்ன தெரியும்?
– வாசகி ஒருவர், தேனி

பதில்: பெற்றவர்களுக்குக் கிடைக்காத ஒன்று அவர்களிடம் இருக்கிறதே, உட்கார்ந்து பார்க்கும் நேரம்! 1960-களில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் உளவியலாளர் மேரி எயின்ஸ்வொர்த்தின் குழு 26 குடும்பங்களைத் தொடர்ந்து கவனித்தது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை வீட்டுக்கே போய், ஏறக்குறைய நான்கு மணி நேரம் இருந்து குறிப்பெடுத்தார்கள். குழந்தைக்கு ஒரு வயது ஆகும்வரை இதே வேலை. எந்த மாமியாரும் மருமகளை இவ்வளவு பொறுமையாகக் கவனித்திருக்க மாட்டார். அதிலும், வாய் திறந்து ஒரு குறை சொல்லாமல்!

எயின்ஸ்வொர்த்திடம் முனைவர் பட்டத்துக்குப் படித்த சில்வியா பெல், அவரோடு சேர்ந்து 1972-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அழுதவுடன் தூக்கினால் பிள்ளை கெட்டுப்போகும் என்கிறோமே, அங்கே கண்டது நேர்மாறு. ஆரம்ப மாதங்களில் அம்மா உடனுக்குடன் கவனித்த குழந்தைகள், முதல் வயது முடியும்போது குறைவாகவே அழுதன. வேண்டியதைச் சைகையாலும் குரலாலும் கேட்கப் பழகியிருந்தன. இந்தக் கணக்கை மறுத்த அறிஞர்களும் உண்டு. நான் பெல்லின் கட்சி. மூன்று மாதக் குழந்தைக்குச் சூழ்ச்சி தெரியாது. பசி தெரியும், பயம் தெரியும்.