மல்டிமீட்டர் கொள்முதல் இயல்: ஒரு முதற்கட்ட ஆய்வு

ஆய்வு நோக்கம்

சில நூறு ரூபாய்க்கு ஒரு மல்டிமீட்டர் வாங்க வருபவர் சென்னை ரிச்சி தெருவில் கடை கடையாக ஏறி இறங்குவார். கல்யாண மண்டபம் பிடிக்கும்போதுகூட அவர் இவ்வளவு விசாரித்திருக்க மாட்டார். விலை குறையக் குறைய விசாரணை நீளும் என்பது இவ்வியலின் முதல் விதி. எவ்வளவு நீண்டாலும் கேட்க வேண்டிய கேள்வி மட்டும் விடுபட்டுப்போகும் என்பது இரண்டாம் விதி. இவ்விரண்டையும் நிறுவ, வாங்குவோரை மூன்று வகையாகப் பகுத்துக் காண்போம்.

நிற நோக்கர்

மஞ்சளாக இருந்தால் தரமானது என்பது இவர்கள் கொள்கை. இதற்குச் சர்வதேச ஆதாரமும் உண்டு. மஞ்சள் ஓரமும் கரிய முகமும் தரமான மீட்டருக்குப் பேர்போன ஃப்ளூக் நிறுவனத்தின் பதிவு பெற்ற வணிகக் குறி. அதை மீறியதாகச் சொல்லி, ஸ்பார்க்ஃபன் நிறுவனம் இறக்குமதி செய்த 2,000 மீட்டர்களை 2014இல் அமெரிக்கச் சுங்கத்துறை நிறுத்தி வைத்தது. ஆனால் சந்தையிலேயே மலிவான டிடி-830 மீட்டரும் பெரும்பாலும் மஞ்சளில்தான் வருகிறது. எனவே நிறத்தை வைத்து அறியக்கூடியது நிறம் மட்டுமே.

இலக்க நோக்கர்

இவர்கள் கல்வியறிவு மிக்கவர்கள். திரையில் எத்தனை இலக்கம் என்று கேட்பார்கள். கடைக்காரர் ‘மூன்றரை’ என்பார். அரை இலக்கம் எப்படி இருக்கும் என்ற ஐயம் நியாயமானதே. முதல் இடத்தில் 0 அல்லது 1 மட்டுமே வரும். ஆகவே திரை 1999ஐத் தாண்டாது.

இலக்கம் வேறு, துல்லியம் வேறு. டிடி-830 வகையின் 750 வோல்ட் ஏசி அளவையில் வழக்கமாகக் குறிக்கப்படும் பிழை வரம்பு 1.2 சதவீதமும் கடைசி இலக்கத்தில் 10 எண்ணிக்கையும் (இந்த அளவையில் 10 வோல்ட்). வீட்டில் சரியாக 230 வோல்ட் வந்தாலும், மீட்டர் சுமார் 217 முதல் 243 வரை எதைக் காட்டினாலும் அது பொய் சொன்னதாகாது. மின்வாரியத்தைத் திட்டக் கிளம்புமுன் இது நினைவில் இருப்பது நலம்.

அலையின் வடிவமும் துல்லியத்தைக் கெடுக்கும். எந்த வடிவ அலையையும் சரியாக அளக்கும் ‘ட்ரூ ஆர்எம்எஸ்’ வசதி இல்லாத மீட்டர் சைன் அலையை மனத்தில் வைத்தே கணக்குப் போடும். அதைக் கொண்டு ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரை அளந்தால் சுமார் 11 சதவீதம் கூட்டிக் காட்டும். பழுது இன்வெர்ட்டரில் என்று முடிவாகி, அது சர்வீஸுக்குப் போய்விட்டு அப்படியே திரும்பி வரும்.

ஃப்யூஸ் நோக்கர்

அரிய வகை. மலிவு மீட்டரின் 10 ஆம்பியர் துளைக்கு அருகில் ‘அன்ஃப்யூஸ்டு’ என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் படித்தவர்கள் இவர்களே. கரண்ட் அளந்த கையோடு சிவப்பு ப்ரோபை அதே துளையில் விட்டுவிட்டு ப்ளக் பாயின்டைத் தொட்டால், லைனுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே இருப்பது ஒரு துண்டுத் தடித்த கம்பி. அதாவது நேரடி ஷார்ட்.

சுவர் மின்சாரத்தில் வேறோர் ஆபத்தும் உண்டு: லைனில் திடீரென எழும் மின்னழுத்தம். ஐஇசி 61010 தரநிலை அதற்காக அளக்கும் இடங்களை ‘கேட்’ (CAT) என்ற வகைகளாக வகுத்திருக்கிறது: ப்ளக்கில் செருகும் கருவிகளுக்கு கேட் 2, டிஸ்ட்ரிபியூஷன் போர்டுக்கு கேட் 3, தெருவிலிருந்து சர்வீஸ் லைன் நுழையும் இடத்துக்கு கேட் 4. கேட் 3, 600 வோல்ட் எனப்படும் மீட்டர் 6,000 வோல்ட் மின்னழுத்தத் துடிப்பைத் தாங்க வேண்டும். ‘கேட்’ என்ற எழுத்தை மீட்டரில் யார் வேண்டுமானாலும் அச்சிடலாம்; யுஎல், டியுவி போன்ற சோதனைக்கூட முத்திரை உண்மையாகவே இருந்தால்தான் அதற்கு மதிப்பு.

பின்னிணைப்பு: ஸ்கோப்

மீட்டர் வாங்கியவர் கண் அடுத்துப் போவது அலையை வரைந்து காட்டும் ஆஸிலோஸ்கோப்பின் மேல். 50 மெகாஹெர்ட்ஸ் ஸ்கோப்பில் 50 மெகாஹெர்ட்ஸ் சைன் அலை சுமார் 70 சதவீத உயரமே காட்டும். சதுர அலையின் வடிவம் தெரிய அதன் அதிர்வெண்ணைப்போல் ஐந்து மடங்கு மெகாஹெர்ட்ஸ் கொண்ட ஸ்கோப் வேண்டும் என்பது பட்டறை வழக்கு. ரிகோல் டிஎஸ்1054இசட் என்ற ஸ்கோப் விநாடிக்கு 100 கோடி மாதிரி எடுக்கும். நான்கு சேனலையும் போட்டால் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது 25 கோடி. ஆடியோ ஆம்ப்ளிஃபயர் பழுது பார்ப்பவருக்கு அதுவே ஏராளம்.

தீர்ப்பு

பேட்டரி, அர்டுயினோ, எல்இடி என்று நிற்பவருக்கு மலிவு மீட்டரே போதும். மிச்சக் காசில் நல்ல ப்ரோப் வாங்கலாம். சுவர் மின்சாரத்தைத் தொடுபவர் கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது விலையை அல்ல: “அண்ணே, பின்பக்கத்தைக் கழற்றி ஃப்யூஸைக் காட்டுங்க.” 10 ஆம்பியர் துளைக்கும் சேர்த்துப் பீங்கான் உடல் கொண்ட, பெரும் ஷார்ட் கரண்டையும் துண்டிக்கவல்ல எச்ஆர்சி ஃப்யூஸ் இருந்தால் பேரம் பேசலாம். இல்லையென்றால் அடுத்த கடைக்குப் போங்கள்.