தியேட்டருக்கு ரெண்டரை வயது

"படத்துக்குப் போலாமா?" என்று வீட்டில் யாராவது கேட்டால், என்ன படம், யார் நடித்தது என்றெல்லாம் இவர் விசாரிப்பதில்லை. "எத்தனை பேரு?" என்பதுதான் முதல் கேள்வி. பதில் வந்ததும் பார்வை கொஞ்சம் மேலே போகும். மின்விசிறியில் ஒட்டடை தேடுகிறார் என்று நினைத்துவிடாதீர்கள். பெருக்கிக்கொண்டிருக்கிறார்.

இவரை உங்களுக்குத் தெரியும். தாம்பரத்துக்கும் கூடுவாஞ்சேரிக்கும் நடுவில் எங்கோ ஒரு அடுக்ககத்தில் இரண்டு படுக்கையறை, அது இவருடையதாக ஆவதற்குள் தலை நரைத்துவிடும் அளவுக்கு நீண்ட தவணை, ஒரு ஸ்கூட்டர், ஒரு மனைவி, ஒரு அம்மா, ஒரு பிள்ளை. இவரைக் கஞ்சன் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். கஞ்சன் படத்துக்கே போகமாட்டான். இவர் போவார். போய்விட்டு வந்தும் மாதக் கடைசியில் பால்காரருக்குப் பாக்கி வைக்காமல் இருக்கவேண்டும் என்பதற்குத்தான் இத்தனை பாடு.

படம் வெளியான முதல் சில நாள் இவர் அதன் பெயரையே உச்சரிக்கமாட்டார். அந்த நாட்கள் கட்அவுட்டுக்குப் பால் ஊற்றுகிறவர்களுக்கும், டிக்கெட் என்ன விலை என்று கேட்கக் கூச்சப்படுகிறவர்களுக்கும் உரியவை. "கூட்டம் குறையட்டும்மா" என்பார். கூட்டம் குறைந்தால், "பாத்தியா, படம் நல்லால்லையாம்." குறையாவிட்டால், "டிக்கெட்டே இல்லையே, நான் என்ன பண்ணட்டும்?" எப்படி விழுந்தாலும் இவர் பக்கம் பூ விழும் நாணயம் இது. இன்னும் கொஞ்ச நாள் தள்ளினால் நாலாவது வாரம் வந்துவிடும். நாலாவது வாரம் ஓடிடியில் வந்துவிடும். பெரிய நடிகர்களின் படம் தோற்கவேண்டும் என்று இவர் ஒருபோதும் வேண்டிக்கொண்டதில்லை. தோற்றால் சீக்கிரம் ஓடிடிக்கு வரும் என்பது மட்டும் தெரியும்.

பிள்ளைக்கு இது புரிவதில்லை. "வேன்ல எல்லாரும் பாத்துட்டாங்கப்பா. வில்லன் கடைசில நல்லவனாம்."

"கதைதான் தெரிஞ்சுபோச்சே கண்ணா, அப்புறம் எதுக்குப் பாக்கணும்?"

யுகேஜி படிக்கும் பிள்ளையிடம் இப்படி ஒரு கேள்வியைக் கேட்க நெஞ்சுரம் வேண்டும். பிள்ளை பதில் சொல்லாமல் தரையில் படுத்துவிடும். படுத்த நிலையில் அழத் தொடங்கினால், அந்த ஞாயிற்றுக்கிழமை படம் உறுதி.

நியாயமாகச் சொன்னால், டிக்கெட் விஷயத்தில் அரசாங்கம் இவர் பக்கம்தான். தமிழ்நாட்டில் தியேட்டர்காரர்கள் இஷ்டத்துக்கு விலை வைக்க முடியாது. மல்டிபிளெக்ஸுக்கு 120 ரூபாயாக நெடுங்காலம் இருந்த உச்சவரம்பை 2017 அக்டோபரில்தான் 150 ஆக்கினார்கள். பெங்களூரில் இருக்கும் தம்பி, வார இறுதியில் அங்கே ஒரு டிக்கெட் என்ன விலை என்று போனில் சொல்லும்போதெல்லாம் இவருக்குத் தமிழனாகப் பிறந்த பெருமிதம் பொங்கும். ஆனால் அந்த 150-க்கு மேல் ஜிஎஸ்டி, அதோடு உள்ளாட்சியின் கேளிக்கை வரி, எல்லாம் சேர்ந்து 200-ஐ நெருங்கித்தான் நிற்கும். இணையத்தில் எடுத்தால் தலைக்கு இவ்வளவு என்று இன்னொரு கட்டணம். அதைக் கொடுப்பதில்லை என்பது இவருடைய விரதங்களில் ஒன்று. அதற்காக சனிக்கிழமை மாலையே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு தியேட்டருக்குப் போவார். பெட்ரோல் செலவு, பார்க்கிங் செலவு, வழியில் ஒரு டீ. கவுன்ட்டரில் இருக்கும் பையன் நிமிராமலே சொல்வான்: "முன்னாடி ரெண்டு வரிசைதான் சார் இருக்கு. மத்ததெல்லாம் ஆன்லைன்ல போயிடுச்சு."

முன்வரிசை இவருக்குப் புதிதல்ல. ஒரு காலத்தில் மல்டிபிளெக்ஸிலும் பத்தில் ஒரு பங்கு இருக்கைகளை 10 ரூபாய்க்குக் கொடுக்கவேண்டும் என்று விதி இருந்தது. கல்யாணத்துக்கு முன் இவர் பார்த்த படங்களெல்லாம் அந்த வரிசையில்தான். கதாநாயகியின் முகத்தை இடது ஓரத்திலிருந்து வலது ஓரம்வரை தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, மனத்துக்குள் ஒட்டவைத்துக்கொண்ட காலம். "அம்மாவுக்குக் கழுத்து எலும்பு தேய்மானம், தம்பி" என்று சொல்லிவிட்டு, பார்க்கிங் இடத்திலேயே நின்று போனில் இணைய டிக்கெட் எடுப்பார்.

அந்த அம்மாவைப் பற்றி இங்கேயே சொல்லிவிடவேண்டும். அவருக்குக் கழுத்தில் ஒன்றுமில்லை. கால்வலிதான், அதுவும் டிக்கெட் விலையை யாராவது சத்தமாகச் சொன்ன அந்த நிமிடம் தொடங்கும். "நீங்க போயிட்டு வாங்கப்பா. எனக்கு அந்த இருட்டுல படி ஏற முடியாது. வீட்டுல சீரியல் இருக்கு." ஞாயிற்றுக்கிழமை மதியம் என்ன சீரியல் என்று யாரும் கேட்பதில்லை. "நீ வரலைன்னா யாரும் போகலை" என்பார் மகன். இது மட்டும் கணக்கில் சேராத பேச்சு. மூணாவது டிக்கெட் இப்படித்தான் எடுக்கப்படுகிறது; பாட்டியின் கால் உடனே குணமாகிறது; பட்டுப்புடவை எடுக்கலாமா, வாயில் புடவையே போதுமா என்ற விசாரம் தொடங்குகிறது.

மூணாவது டிக்கெட் என்றேன். அப்படியானால் பிள்ளை?

அங்கேதான் இவருடைய மேதைமை இருக்கிறது. மல்டிபிளெக்ஸ்களில் பொதுவாக மூன்று வயது ஆகிவிட்டால் முழு டிக்கெட். பாதி டிக்கெட் என்ற பேச்சே கிடையாது. அரசுப் பேருந்து எவ்வளவோ மேல். 2022-இலிருந்து ஐந்து வயதுவரை இலவசம். ரயிலிலும் ஐந்து வயதுக்குள் காசில்லை. அதற்குப்பின் பன்னிரண்டுக்குள் பாதிக் கட்டணத்தில் போகலாம், படுக்கை மட்டும் கேட்கக்கூடாது. பள்ளிக்கூடம் இதற்கெல்லாம் நேர் எதிர். அங்கே எல்கேஜியில் உட்காரவேண்டுமென்றால் மூன்று முடிந்திருக்கவேண்டும். ஆகவே இவருடைய பிள்ளை போகிற இடத்துக்கு ஏற்ப வளர்ந்தும் தேய்ந்தும் வருகிறது. "மூணு முடிஞ்சு நாலு மாசம் ஆச்சு மிஸ், எவ்ளோ தெளிவாப் பேசறான் பாருங்க" என்று கோடையில் பள்ளி வாசலில் நிமிர்த்தி நிறுத்திய பிள்ளையை, ஆடி மாதம் தியேட்டர் வாசலில் தோளில் சாய்த்துக்கொண்டு, "ரெண்டரைதாங்க, இன்னும் பேச்சே சரியா வரலை" என்றவர் இவர். அதன்பின் இன்னொரு ஆடியும் போய்விட்டது. பிள்ளையின் கால் இப்போது அப்பாவின் முழங்காலைத் தாண்டித் தொங்குகிறது. ரெண்டரை மட்டும் மாறவில்லை.

டிக்கெட் கிழிக்கும் பையனுக்கு இருபது இருபத்தொரு வயது இருக்கும். தொங்கும் காலைப் பார்ப்பான். காலில் இருக்கும் பள்ளிக்கூட ஷூவைப் பார்ப்பான். அப்பாவிடம் ஒன்றும் கேட்கமாட்டான். தூங்குகிற மாதிரி நடித்துக்கொண்டிருக்கும் முகத்துக்குக் குனிந்து, "தம்பிக்கு எத்தனை வயசு?" என்பான்.

பிள்ளை ஒரு கண்ணைத் திறக்கும். பொய் சொல்லக்கூடாது என்று மிஸ் சொல்லியிருக்கிறார். ரெண்டரை என்று சொல்லவேண்டும் என்று அப்பா சொல்லியிருக்கிறார். இருவரையும் விட்டுக்கொடுக்காத பதில் வரும்: "வீட்ல அஞ்சு. இங்க ரெண்டரை."

அப்பா அசரமாட்டார். "கணக்குல புலி, சார்" என்று சிரித்துக்கொண்டே நாலாவது டிக்கெட்டுக்குப் போனை எடுப்பார். அது பக்கத்து இருக்கையாகக் கிடைக்காது. யாரோ ஒரு காதல் ஜோடியைக் கெஞ்சி நகர்த்தவேண்டும். இவ்வளவுக்குப் பிறகு அந்த இருக்கையில் பிள்ளையை உட்காரவைத்தால், மடங்கும் இருக்கை பிள்ளையையும் சேர்த்து மடக்கிக்கொள்ளும். எடை போதாது. ஒரு கையால் இருக்கையை அமுக்கிக்கொண்டே முதல் பாட்டுவரை பார்ப்பார். முதல் சண்டையில் பிள்ளை பயந்து மடிக்கு வந்துவிடும், கடைசிவரை இறங்காது. இருநூறு ரூபாய் இருக்கையில் பாட்டியின் கைப்பை உட்கார்ந்து படம் பார்க்கும்.

சான்றிதழ் விஷயத்திலும் இவர் கவனமானவர். 2024-இன் இறுதியிலிருந்து யுஏ-வை 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். அதைத் தணிக்கை வாரியத்தைவிடக் கூர்ந்து படிப்பார். 2025 ஆகஸ்டில் ரஜினியின் ‘கூலி’ ஏ சான்றிதழோடு வந்து, பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களை வாசலிலேயே நிறுத்தியபோது ஊரெல்லாம் புலம்பல். "தலைவர் படத்துக்கே புள்ளைங்களைக் கூட்டிட்டுப் போக முடியலைன்னா என்னங்க நாடு இது?" என்று இவரும் அலுவலகத்தில் முழங்கினார். பிள்ளையைத் தனியாக வீட்டில் விடமுடியாது. ஆகவே பிள்ளையின் டிக்கெட்டோடு மற்ற மூணும் மிச்சம் என்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

டிக்கெட்டுக்கு உச்சவரம்பு வைத்த அரசாங்கம் பாப்கார்னுக்கு வைக்கவில்லை. உள்ளே நுழையும்வரை இவர் குடிமகன்; நுழைந்தபின் வாடிக்கையாளர். டிக்கெட்டைவிடப் பாப்கார்ன் விலை அதிகம் என்பதை உலகத்தில் வேறு எந்த வியாபாரத்தோடும் ஒப்பிட எனக்குத் தெரியவில்லை. இதை எதிர்கொள்ள இவர் சட்டம் படித்திருக்கிறார். வெளி உணவைத் தடுக்கக்கூடாது என்று ஜம்மு காஷ்மீர் உயர் நீதிமன்றம் 2018-இல் சொன்னதும், 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்ததும் இவருக்கு மனப்பாடம். யாராவது ஜிலேபி கொண்டுவந்து, தின்ற விரலை இருக்கையில் துடைத்தால் என்ன செய்வது என்று அன்று தலைமை நீதிபதி சந்திரசூட் கேட்டார். "நம்ம ஜனங்களைப் பத்தித் தெரிஞ்சிருக்கு" என்று இவர் ஒத்துக்கொள்கிறார். ஆனால் அதே வழக்கில் குடிதண்ணீர் இலவசமாக வைக்கவேண்டும், கைக்குழந்தைக்கான உணவைப் பெற்றோர் கொண்டுவரலாம் என்ற பேச்சும் உண்டு. அதைத்தான் இவர் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறார். பையைச் சோதிக்கும் அம்மாள் எவர்சில்வர் டப்பாவைத் தட்டி, "இது என்னங்க?" என்றால், "குழந்தை சாப்பாடும்மா, சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கு" என்பார். டப்பாவில் எட்டு இட்லி, மிளகாய்ப்பொடி தடவி.

சோதனையில் தப்புகிறவையும் உண்டு. அதற்கு மனைவியின் துப்பட்டா, பாட்டியின் இடுப்புச் சுருக்குப்பை என்று தனி ஏற்பாடு. எந்தப் படத்துக்கு என்ன தின்பண்டம் என்பதை இசையமைப்பாளரைப் பார்த்துத் தீர்மானிக்கிறார்கள். அனிருத் என்றால் கை முறுக்கு, தட்டை, எதையும் துணிந்து எடுத்துப்போகலாம். இரும்பைக் கடித்தாலும் பக்கத்து இருக்கைக்குக் கேட்காது. இளையராஜா என்றால் ஆபத்து. வயலின் திடீரென்று நிற்கும். அரங்கமே மூச்சைப் பிடித்திருக்கும். அந்த நேரம் பாட்டி வாயில் முறுக்கு. ராஜா படங்களுக்கு அதிரசம்தான்.

பாப்கார்ன் வாங்கமாட்டாரே தவிர, அதைப் பற்றிய அறிவில் இவரை வெல்ல ஆளில்லை. 2024 டிசம்பரில் ஜெய்சால்மரில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சில், உப்பு மசாலா போட்டுச் சில்லறையாகக் கொடுத்தால் 5 சதவீதம், பெயர் போட்ட பாக்கெட்டில் அப்போது 12, சர்க்கரைப் பாகு ஏறிய கேரமல் என்றால் 18 என்று விளக்கம் கொடுத்தது. டிக்கெட்டோடு சேர்த்து விற்றால் டிக்கெட்டுக்கு உண்டான வரி என்பது அதற்கு முந்தைய ஆண்டின் விளக்கம். இடைவேளையில் பிள்ளை கண்ணாடிப் பெட்டிமேல் மூக்கை அழுத்திக்கொண்டு நிற்கும்போது, இத்தனையையும் எடுத்துச் சொல்வார். பிள்ளை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எனக்குப் பதினெட்டு வேணும்" என்னும். சின்ன டப்பா ஒன்று வாங்கப்படும். அதை நாலு பேர் தின்பார்கள். அடியில் பொரியாமல் கிடக்கும் சோளத்தைக்கூட இவர் விடுவதில்லை. அதற்கும் சேர்த்துத்தானே காசு.

இதெல்லாம் சொந்தக் குடும்பத்தோடு போகும்போது. மனைவியின் தம்பி குடும்பத்தோடு ஊரிலிருந்து வந்து, "மாமா, படத்துக்குப் போலாமா?" என்று கேட்கும் நாளில் நீங்கள் இவரைப் பார்க்கவேண்டும். எத்தனை பேரு என்ற கேள்வியே வராது. மின்விசிறி பக்கம் கண் போகாது. "இதென்ன மாப்ளே கேள்வி? கிளம்புங்க!" இணையக் கட்டணம் பொருட்டே இல்லை. சாய்ந்து படுத்துப் பார்க்கும் இருக்கை உண்டா என்று விசாரிப்பார். ஆட்டோ வேண்டாம், கார் வரச்சொல்லுவார். சமையலறையில் மனைவி இட்லி டப்பாவை எடுத்தால், கண்ணாலேயே அதட்டிக் கீழே வைக்கச்செய்வார். எல்லாரையும் எண்ணி, தன் பிள்ளைக்கும் மச்சான் பிள்ளைக்கும் சேர்த்துத் தானாகவே முழு டிக்கெட் போட்டுவிடுவார். இடைவேளையில் கேரமல், பெரிய டப்பா, ஆளுக்கு ஒன்று. "நான் குடுக்கறேன் மாமா", "சும்மா இரு மாப்ளே" என்று கவுன்ட்டர் முன்னால் இருவரும் மல்லுக்கட்டுவார்கள். இருவர் போனிலும் ஒரே நேரத்தில் நெட் வராமல் போகும். கடைசியில் இவருடையது வந்துவிடும். ‘டிங்’ என்று அது சத்தம் போட்டபோது இவர் முகத்தில் ஓடியதைச் சிவாஜி கணேசன்கூட நடித்துக் காட்டியிருக்கமாட்டார்.

அப்படி ஒரு நாள், படம் தொடங்குமுன், உள்ளே போகிற வாசலில் பழைய பையன்தான் நின்றான். இந்தமுறை இவர் பிள்ளையைத் தோளில் தூக்கவில்லை. கையைப் பிடித்து, கம்பீரமாக நடத்திக்கொண்டு வந்தார். மச்சான் குடும்பம் பின்னாலேயே. பிள்ளை அந்தப் பையனைப் பார்த்தது, அப்பாவைப் பார்த்தது, ஊரிலிருந்து வந்த மாமாவைப் பார்த்தது. எதற்கும் கேட்டுவிடலாம் என்று அப்பாவின் சட்டையை இழுத்து, பின்வரிசைவரை கேட்கும்படி ரகசியம் பேசியது:

"அப்பா, மாமா கூட வந்தா எனக்கு எத்தனை வயசு?"