எலி வைத்த குழம்பு

கேள்வி: எங்கள் செம்பனைத் தோட்டத்தில் எலியை ஒழிக்க ஆந்தைக்குக் கூடு வைக்கிறோம். எலி சமைக்கும் 'ராட்டட்டூயி' படத்தை விமர்சகர்கள் ஏன் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள்?
– வாசகர், பகாவ், நெகிரி செம்பிலான்

பதில்: உங்கள் ஆந்தைக்கும் அந்த எலியைப் பிடிக்கும், வேறு காரணத்துக்காக! 2007-இல் பிராட் பேர்ட் இயக்கிய படம், ஆஸ்கரும் வாங்கியது. படத்துக்குள்ளேயே அன்டன் ஈகோ என்றொரு விமர்சகர் வருகிறார். நாக்கில் தேள்கொடுக்கு. அவரைக் கவிழ்த்தது ராஜ விருந்தல்ல, பிரான்சுக் குடியானவர் வீட்டுக் காய்கறிக் கூட்டு. ஒரு வாய் வைத்ததும் சிறுவனாகி அம்மாவின் அடுப்படிக்கே போய்விடுகிறார். எந்த விமர்சகர்தான் உருகமாட்டார்? விடியலில் பால்மரம் வெட்டிவிட்டு வந்து அம்மா வைத்த கருவாட்டுக் குழம்பு உங்களுக்கும் நினைவிருக்குமே. பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள்.