கேளுங்கள், கொட்டுகிறேன்!

மாமா, பையனுக்கு ஆறு வயசு. எந்த வாத்தியத்தில் சேர்க்கலாம்?
(ஓர் அப்பா, கொழிஞ்சாம்பாறை)

பக்கத்தில் நல்ல வாத்தியார் யார் இருக்கிறாரோ, அவர் வாசிக்கிற வாத்தியத்தில். வீணைக்கு ஆசைப்பட்டு வாராவாரம் கோயமுத்தூர் பஸ் ஏற்றினால், பையனுக்கு ஸ்வரம் வருமோ வராதோ, வேலந்தாவளம் ரோட்டில் எங்கெங்கே பள்ளம் என்பது மனப்பாடமாகிவிடும்.

மிருதங்கமா, கீபோர்டா? கீபோர்டில் சத்தத்தைக் குறைத்துக்கொள்ளலாமே!
(ஓர் அம்மா, சித்தூர்)

தாயே, நீங்கள் தேடுவது வாத்தியம் இல்லை, அந்தப் பொத்தான்! கீபோர்டு மேல் எனக்கு விரோதம் கிடையாது. ஸ்வர ஞானத்துக்கு நல்லது, கிரேடு பரீட்சையும் எழுதலாம். கமகம் என்று வந்தால் மட்டும் கட்டை கட்டையாகவே நிற்கும்.

ஒரு தகவல்: சென்னை மியூசிக் அகாடமி ஒரு மிருதங்க வித்வானுக்கு முதன்முதலாகச் சங்கீத கலாநிதி கொடுத்தது 1966-ல். வாங்கியவர் உங்கள் ஊர்ப் பக்கத்துப் பாலக்காடு மணி ஐயர். மைக்கே வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்த மனிதர். அவர் காலத்திலும் பக்கத்து வீட்டுக்காரர்கள் இருந்திருக்கிறார்கள்.

எஸ்டேட் லயத்தில் இருக்கிறோம். வீட்டுக்கு வீடு ஒரே சுவர். மகன் செண்டை படிக்கிறேன் என்கிறான். என்ன செய்வது?
(மூணாறிலிருந்து ஒரு தொழிலாளி)

பயப்படாதீர்கள். செண்டைக்கு வந்த பிள்ளை கையில் யாரும் எடுத்தவுடன் செண்டையைக் கொடுப்பதில்லை. புளியங்கோலைக் கொடுத்துக் கருங்கல்லில் தட்டச் சொல்வார்கள். அதுதான் சாதகம். மணிக்கட்டு முறுக்கேறி, கணக்கு நாக்கிலும் கையிலும் ஒன்றாக விழுந்த பிறகுதான் தோல். மூணாறில் கல்லுக்கா பஞ்சம்? தேயிலைக் காட்டு ஓரமாக ஒரு பாறையைப் பார்த்து உட்கார வையுங்கள். அட்டை கடிக்காத பாறையாக இருக்கட்டும்.

எங்கள் ஊர் மூடுபனியில் மிருதங்கம் 'தொப் தொப்' என்கிறதே?
(ஓர் ஆசிரியை, வட்டவடை)

தோல் ஈரம் குடித்தால் தொய்யும், சுருதி இறங்கும். அதே மிருதங்கத்தை மார்ச் மாதம் பாலக்காட்டுக்குக் கொண்டுபோனால் விறைத்துக்கொண்டு மேலே ஏறும். உறை போட்டு, தரையில் படாமல் வையுங்கள். அடுப்பங்கரை வேண்டாம், வார் வறண்டுவிடும். இடப்பக்கத் தொப்பியில் அப்பிய ரவையை வாசித்து முடித்ததும் சுத்தமாகச் சுரண்டி எடுக்கச் சொல்லுங்கள். மறந்தால் ராத்திரி எலி வந்து தனி ஆவர்த்தனம் செய்யும்.

மிருதங்கம் ஆன்லைனில் வாங்கலாமா?
(ஒரு தாத்தா, மீனாட்சிபுரம்)

பெருவெம்பை வைத்துக்கொண்டு இந்தக் கேள்வியா? மிருதங்கம், மத்தளம், செண்டை, தபலா என்று தோல் வாத்தியம் செய்வதையே தொழிலாகக் கொண்ட குடும்பங்கள் இருக்கிற ஊர் அது. பேரனையும் கூட்டிப்போங்கள். பலாக்கட்டையைக் குடைவதையும் வாரை இழுத்துக் கட்டுவதையும் பார்க்கட்டும். ஆன்லைனில் வாங்கினால் திருப்பி அனுப்ப ஏழு நாள்தான் தருவார்கள். பெருவெம்பில் வாங்கினால், தோல் கிழிந்த அன்று யாரிடம் போய் நிற்பது என்றாவது தெரியும்.

மகளுக்கு எட்டு வயசு. வயலின் வாங்கும்போதே முழு சைஸ் வாங்கிவிட்டால் மிச்சம்தானே?
(ஒரு சிக்கன அப்பா, குமுளி)

செருப்பையும் அப்படித்தான் வாங்குவீர்களா? கால், அரை, முக்கால், முழு என்று வயலினில் அளவுகள் உண்டு. குழந்தை கையை நீட்டட்டும். வயலின் தலை உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தால் அதுதான் அவள் சைஸ். வளர வளர மாற்றவேண்டி வரும், எனவே பழையதாகத் தேடுங்கள். 1834-ல் சுவாதித் திருநாள் மகாராஜா, தஞ்சாவூர் வடிவேலுவுக்குத் தந்தத்தில் வயலின் செய்து கொடுத்தார். இப்போது அப்படிச் செய்தால் வனத்துறை வாசித்துக் காட்டும்.

பள்ளிக் கலோற்சவத்தில் ஏ கிரேடு வாங்கினால் கிரேஸ் மார்க் உண்டாமே! அதற்காகச் சேர்க்கலாமா?
(ஒரு பெற்றோர், வடகரப்பதி)

சேர்க்கலாம். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த மறுநாள் வாத்தியம் பரணுக்கு ஏறும். ஏணி இருக்கிறதா, பார்த்துக்கொள்ளுங்கள்.

1958 கலோற்சவத்தில் மிருதங்கத்தில் முதல் பரிசு வாங்கிய பையன் பெயர் பி. ஜெயச்சந்திரன். அதே விழாவில் சாஸ்திரீய சங்கீதத்தில் முதல் பரிசு கே. ஜே. யேசுதாஸ். தாளம் படித்த பிள்ளை பிற்பாடு என்னவாக வருவான் என்று எந்த நடுவர் மார்க் போட்டுச் சொல்ல முடியும்?

கலோற்சவத் தங்கக் கப்பு எத்தனை பவுன்?
(ஒரு நகைப் பிரியர், நெம்மாறை)

117.5 பவுன். ஜெயிக்கிற மாவட்டத்துக்கு. 2025-ல் திருச்சூர் 1008 புள்ளி, பாலக்காடு 1007. கூடுதல் தகவல் வேண்டுமென்றால் பாலக்காட்டுக் கல்பாத்தியில் யாரிடமும் கேட்காதீர்கள். காப்பி கொடுக்க மாட்டார்கள்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் மியூசிக் டீச்சரே கிடையாது. மலைப் பிள்ளைகளுக்கு வாத்தியம் எல்லாம் எட்டாக்கனிதானா?
(ஒரு பி.டி.ஏ. உறுப்பினர், மறையூர்)

கேள்வியே கோணல். டீச்சர் இல்லை என்பது நிஜம், அதற்கு மனு போடுங்கள். வாத்தியம் இல்லை என்று யார் சொன்னது?

2025 ஜனவரியில் திருவனந்தபுரத்தில் நடந்த கலோற்சவத்தில் ஐந்து பழங்குடிக் கலைகளைப் புதிதாகச் சேர்த்தார்கள். அதில் மூன்று நம் எல்லைக்காரர்களுடையது: அட்டப்பாடியின் இருள நிருத்தம், குமுளிப் பக்கத்துப் பளிய நிருத்தம், உங்கள் மறையூரின் மலப்புலயாட்டம். உறுமியும் குழலும் உங்கள் குடிகளில் எத்தனையோ தலைமுறையாக ஒலிக்கின்றன. கலோற்சவ மேனுவலுக்குத்தான் இப்போது காது கேட்டிருக்கிறது.

ஹெச்.எம்மிடம் பேசி, குடியில் உறுமி வாசிக்கிற பெரியவரை வாரம் ஒரு பீரியடுக்குக் கூப்பிடுங்கள். வாசலில் நிறுத்தாமல் நாற்காலி போடுங்கள். பஸ் காசோடு சம்பளமும் கொடுங்கள். "அவருக்கு சர்ட்டிபிகேட் உண்டா?" என்று ஓர் அறிவாளி கட்டாயம் கேட்பார். அட்டப்பாடி நஞ்சியம்மா எந்தக் கல்லூரியிலும் பாட்டுப் படித்தவர் இல்லை. 'அய்யப்பனும் கோஷியும்' படத்துக்காக 2022-ல் சிறந்த பின்னணிப் பாடகி என்று தேசிய விருது அறிவித்தார்கள். பயிற்சி இல்லாதவருக்கா என்று முணுமுணுத்தவர்களும் உண்டு. முணுமுணுப்புப் பிரிவில் விருது கிடையாது.

என் பிள்ளை தமிழ் மீடியம். மலையாள ஆசான் சொல்லிக்கொடுத்தால் புரியுமா?
(ஓர் அம்மா, எருத்தேம்பதி)

'தகதிமி'க்கு மீடியம் ஏது? கேரளத்தின் பெருமையான பஞ்சவாத்தியத்தை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவர் மத்தளக்காரர் திருவில்வாமலை வெங்கிச்சன் சுவாமி. வீட்டில் தமிழ் பேசிய ஐயர். அவருக்குப் புரிந்திருக்கிறது.

ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் சாதகம் செய்ய வேண்டும்?
(ஓர் அவசரக்காரர், முதலமடை)

ஆரம்பத்தில் பதினைந்து நிமிஷம் போதும், ஆனால் தினமும். ஆறு நாள் சும்மா இருந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் உட்கார வைத்தால் அதற்குப் பெயர் சாதகம் இல்லை, சண்டை.

மூன்றே மாதத்தில் 'நிறுத்திடறேன்' என்கிறான், மாமா!
(மனம் நொந்த தாய், வண்டிப்பெரியாறு)

ஜண்டை வரிசையில் எல்லாருக்கும் வருகிற காய்ச்சல்தான். வாத்தியாரிடம் சொல்லி, அவனுக்குப் பிடித்த பாட்டு ஒன்றை நடுவில் நுழைக்கச் சொல்லுங்கள். விருந்தாளி வந்ததும் "எங்கே, மாமாவுக்கு வாசிச்சுக் காட்டு" என்பதை முதலில் நிறுத்துங்கள். அவன் நிறுத்த நினைப்பது பெரும்பாலும் அதைத்தான். விருந்தாளியும் அதையேதான் நினைக்கிறார்.

எட்டாம் வகுப்பிலிருந்தே முழுசாக வாத்தியம் படிக்க வழி உண்டா?
(ஒரு மாணவி, தேவிகுளம்)

உண்டு கண்ணு. 1930-ல் வள்ளத்தோள் தொடங்கிய கலாமண்டலம் செறுதுருத்தியில் இருக்கிறது. ஏழு முடித்தவர்களை எட்டில் எடுப்பார்கள். செண்டை, மத்தளம், மிருதங்கம் கற்றுக்கொண்டே பள்ளிப் பாடமும் படிக்கலாம். பிளஸ் டூ முடித்தபின் பாலக்காட்டில் செம்பை நினைவு அரசு இசைக் கல்லூரி. கணக்குப் பாடம் பிடிக்காமல் ஓடுகிறாய் என்றால் இப்போதே சொல்லிவிடுகிறேன்: தாளமும் கணக்குதான், தப்பினால் சபையே பார்க்கும்.

சங்கீதம் சோறு போடுமா?
(ஒரு சித்தப்பா, கஞ்சிக்கோடு)

மிருதங்கத்தின் வலந்தலையில் நடுவே கறுப்பாக இருக்கிறதே, அது கிட்டக்கல் பொடியையும் சோற்றையும் பிசைந்து, அடுக்கடுக்காகத் தடவித் தேய்த்தது. முதலில் நீங்கள்தான் அதற்குச் சோறு போட வேண்டும்.

எல்லாம் சரி, நீங்கள் என்ன வாசிப்பீர்கள்?
(பலர்)

வாசகர் கடிதம். ஆசிரியர் அறைக்குள் போனால் ஜால்ரா. அதற்குச் சாதகமே தேவைப்படவில்லை.