நின்ற பெட்ரோலுக்கு இலக்கணம்

நிறுத்திவைத்த வண்டியின் பெட்ரோல் அடையும் விகாரம் கெடுதல், திரிதல், தோன்றல் என மூவகைப்படும். பெயர்கள் நன்னூல் எழுதிய பவணந்தியாரிடம் இரவல் வாங்கியவை. அன்னவாசல் மெக்கானிக் மூன்றையும் 'அடைச்சிருக்குண்ணே' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுவார். வைத்தியம் வேறாதலின் நாம் பிரித்தே தீரவேண்டும்.

கெடுதலாவது, இருந்தது இல்லாமற்போதல். பெட்ரோல் தனிப்பொருளன்று, பல ஹைட்ரோகார்பன்களின் கூட்டு. லேசானவை முதலில் ஆவியாகும். ஆறிய எஞ்சினில் முதலில் பற்றுவனவும் அவையே. கார்புரேட்டர் கிண்ணத்தில் நிற்பது கொஞ்சம், காற்றுப் போக வழியும் உண்டு. ஆகவே சித்திரை வெயிலில் நின்ற வண்டிக்குச் சில வாரம் போதும். சோக் போட்டு உதைத்தாலும் காலே வலிக்கும். கிண்ணத்தின் அடித் திருகைத் தளர்த்திப் பழையதை வடித்தால் பெரும்பாலும் தீரும்.

திரிதல் கொடிது. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு கூடிப் பெட்ரோல் பிசினாகும். கிண்ணத்தைக் கழற்றிப் பார்த்தால் அடியில் வெல்லப்பாகுபோல் ஒரு படலம். பழைய பெயிண்ட் வாடை. பித்தளை ஜெட்டில் பச்சை. ஸ்லோ ஜெட்டின் ஓட்டை அரை மில்லிமீட்டர்கூட வராது; அங்கேதான் பிசின் முதலில் குடியேறும். ஆக்சிலேட்டரை முறுக்கினால் ஓடுவதும், பஸ் ஸ்டாண்டில் கையை எடுத்ததும் அணைவதும் இதன் அடையாளம். பிரேக் கேபிளின் கம்பி இழையால் குத்துவது ஒரு மரபு. ஓட்டை பெருத்து மைலேஜ் போகும் என்பதால் அம்மரபுக்கு யாம் உடன்படோம். கிளீனர் ஸ்பிரேயும் கம்ப்ரஸர் காற்றும் போதும்.

தோன்றலாவது, இல்லாதது வருதல், வந்தது தண்ணீர். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்தது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். அளவு மீறினால் தண்ணீரோடு சேர்ந்து பெட்ரோலைவிட்டுப் பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். ரிசர்வில் போட்டவர் எஞ்சினுக்கு முதலில் புகட்டுவது அதைத்தான். சந்தேகமிருந்தால் கண்ணாடி பாட்டிலில் பிடித்து வெளிச்சத்தில் பார்க்க: நடுவே கோடு தெரிந்தால் முழுவதையும் இறக்கவேண்டும். புதுப் பெட்ரோலை மேலே ஊற்றிச் சமாளிப்பது இங்கே செல்லாது.

இனி, உடையவர் பிரிவு. பொருள்வயிற் பிரிவு: சிங்கப்பூருக்கோ வளைகுடாவுக்கோ போனவர் வண்டி. வருடக்கணக்கில் நிற்கும், தையில் ஜல்லிக்கட்டுக்கு லீவில் வந்தவர் உதைக்கும்போது மூன்று விகாரமும் ஒருங்கே காணலாம். பக்கத்துச் சித்தன்னவாசலில் ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட ஓவியச் சாயம் இன்னும் ஓரளவு நிற்கிறது. பெட்ரோலிடம் அதை எதிர்பார்க்கலாகாது. ஓதற்பிரிவு: மகன் காலேஜ் ஹாஸ்டலில். அம்மா வெள்ளிதோறும் இரண்டு நிமிஷம் ஸ்டார்ட் செய்து அணைப்பார். எஞ்சின் சூடேறுவதற்குள் அணைப்பதால் உள்ளே ஈரம் தங்கும். யாராவது இலுப்பூர் வரை ஓட்டிவருவது மேல்.

வயற்பிரிவு இலக்கணத்தில் இல்லை, யாமே சேர்த்தோம். மருந்தடித்து முடிந்ததும் டூ-ஸ்ட்ரோக் பவர் ஸ்பிரேயர் கொட்டகைக்குப் போகும், ஆயில் கலந்த பெட்ரோலோடு. பெட்ரோல் பறக்கும், ஆயில் தங்கும். அடுத்த பயிருக்கு எடுத்தால் கயிறு இழுத்துத் தோள் கழன்றுவிடும். டேங்கைக் கவிழ்த்து வடித்து, தானே அணையும்வரை ஓடவிட்டு வைப்பதே முறை.

கார்புரேட்டர் பைக்குக்கு விதி: கார்புரேட்டர் காலி, டேங்க் நிறை. டேப்பை மூடி எஞ்சின் தானே அணையும்வரை விடுக. இரும்பு டேங்க் நிறைந்திருந்தால் ஈரக்காற்றுக்கும் துருவுக்கும் இடமில்லை. விற்கிற விலையில் நிறைப்பது வலிக்கும். ஆனாலும் பாதியில் விடுவது ஆகாது. கடையில் விற்கும் ஸ்டெபிலைசர் புதுப் பெட்ரோலில் ஊற்றினால் காக்கும், கெட்டதை மீட்காது. ஊற்றியபின் சற்று ஓட்டினால்தான் அது கார்புரேட்டரை எட்டும். வடித்த பழையதைக் கிணற்றடியில் கொட்டுவதும், அதை ஊற்றிக் குப்பை கொளுத்துவதும் விலக்கப்பட்டன.

2020 ஏப்ரலில் வந்த பிஎஸ்-6 விதிக்குப் பின் புது பைக்குகளில் பெரும்பாலானவை ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன். அவற்றில் கிண்ணமில்லை, கெடுதல் குறைவு. பம்பு டேங்குக்குள்ளேயே மூழ்கியிருப்பதால் தோன்றல் நேரே அதைப் பிடிக்கும், செலவும் கூடும்.

புறனடை: டீசல் பம்புசெட்டும், இப்போது முதுகில் ஏறிவரும் பேட்டரி ஸ்பிரேயரும் இவ்விலக்கணத்துள் அடங்கா. பேட்டரி சார்ஜ் இறங்கும் வகைக்குத் தனி இயல் வேண்டும்.