வட்டம் போட்டவர்களுக்கு மலையிலிருந்து ஒரு மனு

அனுப்புநர்:
காரவள்ளிக்கும் செம்மேட்டுக்கும் இடையே பிக்கப் ஓட்டுபவன்,
கொல்லிமலை, நாமக்கல் மாவட்டம்.

பெறுநர்:
கோவையின் சாலைச் சந்திப்புகளைப் பங்கு போட்டு ஆளும் மாநகராட்சி, நெடுஞ்சாலைத் துறை, போக்குவரத்துக் காவல்துறை ஆகிய மூவரும். (ஒருவருக்கு எழுதினால் மற்ற இருவரைக் கைகாட்டுவீர்கள். அந்த அலைச்சல் மிச்சம்.)

பொருள்: சிக்னலை எடுத்துவிட்டு ரவுண்டானா அமைத்ததைப் பாராட்டுதல், மீதி வேலையை முடித்துத் தரக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

2022 முதல் கோவையில் லாலி ரோடு உள்ளிட்ட பல சந்திப்புகளில் சிக்னலை அணைத்துவிட்டு ரவுண்டானாவும் யூ-டர்னும் கொண்டுவந்தீர்கள். நல்ல காரியம். ஈ காக்கை இல்லாத சாலைக்குப் பச்சை காட்டி, நூறு வண்டி நிற்கும் சாலைக்குச் சிவப்பு காட்டும் விளக்குக்கு விசுவாசமாக இருந்து, உங்கள் ஊருக்கு வந்துபோகும் எங்களுக்கும் அலுத்துவிட்டது.

கணக்கும் உங்கள் பக்கம்தான். நான்கு சாலை கூடும் சாதாரணச் சந்திப்பில் வண்டியும் வண்டியும் மோதிக்கொள்ள 32 இடங்கள் உண்டு. ரவுண்டானாவில் அது 8. சிக்னலை ரவுண்டானாவாக மாற்றினால் உயிரையோ உடம்பையோ பதம் பார்க்கும் விபத்துகள் 78 சதவீதம் குறையும் என்கிறது அமெரிக்காவின் மத்திய நெடுஞ்சாலை நிர்வாகம்.

ஆனால் வட்டத்தைப் போட்டவர்கள், அதற்குள் எப்படி நுழைவது என்பதைச் சொல்ல மறந்துவிட்டீர்கள். இங்கிலாந்துக்காரர்களுக்கும் இதே மறதி இருந்தது. லெட்ச்வொர்த் ஊரில் 1909-லேயே வட்டம் போட்டுவிட்டார்கள். உள்ளே சுற்றும் வண்டிக்கே முதல் வழி என்ற விதி வந்ததோ 1966-ல். நமக்கு அந்த விதி 2017-ன் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகளில் எழுத்தில் இருக்கிறது. சாலையில் நடப்பது வேறு சட்டம்: பெரிய வண்டிக்கு முதல் வழி, பெரிய ஹாரனுக்கு இரண்டாவது வழி, உள்ளே மாட்டிக்கொண்டவனுக்குக் கடவுள் வழி.

எங்கள் மலையை ஆண்ட வல்வில் ஓரி ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் துளைத்தான் என்று புறநானூறு பாடுகிறது. உங்கள் ரவுண்டானாவில் பஸ், லாரி, கார், ஆட்டோ, பாதசாரி ஐந்துக்கும் ஊடே ஒரே முறுக்கில் துளைத்துப் போகிறார் பைக் தம்பி. ஓரிக்கு ஆடி மாதம் அரசு விழா எடுக்கிறது. தம்பிக்கு லைசென்ஸ் கொடுத்திருக்கிறது.

எப்படிக் கொடுத்தது? எட்டுப் போடச் சொல்லித்தான். எட்டு என்பது என்ன? ஒட்டிவைத்த இரண்டு ரவுண்டானா! இரண்டையும் கால் ஊன்றாமல் சுற்றி வந்தவருக்கு ஒன்றைச் சுற்றத் தெரியவில்லை என்றால் காரணம் எளிது. தேர்வுத் திடலில் அவர் ஒருவர் மட்டுமே இருந்தார். வழிவிட வேண்டிய ஆள் அங்கே இல்லை.

எங்கள் மலைப்பாதையிலோ 70 கொண்டை ஊசி வளைவுகள். எதிலும் சிக்னல் கிடையாது. ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிடும், அவ்வளவுதான். லோடு ஏற்றிய வண்டி ஏற்றத்தில் நின்றுவிட்டால் மறுபடி கிளப்புவது பெரும்பாடு. கிளட்ச் கருகும், வண்டி பின்னால் உருளும். ஆகவே மூச்சு வாங்கி ஏறும் மொபெட்டுக்கு, இறங்கும் பஸ் ஒதுங்கி நிற்கும். இதுவும் சட்டப் புத்தகத்தில் உள்ளதுதான். ஆனால் நாங்கள் புத்தகத்தைப் பார்த்துக் கற்கவில்லை, பள்ளத்தைப் பார்த்துக் கற்றோம். சனி, ஞாயிறில் உங்கள் ஊரிலிருந்து வரும் கார்கள் மட்டும் இந்த விதிக்கு விலக்கு.

ஆகவே பணிவன்புடன் கோருவது:

1. எட்டுப் போடும் திடலில் ஒரு டவுன் பஸ்ஸையும் சுற்றவிடுங்கள். அதற்கு வழிவிட்டு நுழைபவருக்கே லைசென்ஸ்.

2. வட்டத்தின் நடுவே நீரூற்று வைக்கும் முன், நுழைவாயிலில் 'வழிவிடு' பலகையும் தரையில் கோடும் போடுங்கள். நீரூற்றைத் திறந்துவைக்க வரும் பிரமுகர்கள் கோட்டையும் திறந்துவைக்கலாம்; ரிப்பன் வெட்ட வசதியான நீளம்தான்.

3. சிக்னல் இருந்தவரை, நடந்து போகும் பாட்டிக்கும் ஒரு சிவப்பு விளக்கு துணை இருந்தது. இப்போது அவர் எங்கே போய் யூ-டர்ன் அடிப்பார்? நுழைவாயிலுக்குச் சற்று முன்னே வரிக்கோடும், நடுவில் நின்று மூச்சுவிட ஒரு திட்டும் வேண்டும்.

4. இவை எதுவும் முடியாதென்றால், கோவை ஓட்டுநர்களை ஒரு வாரம் மலைக்கு அனுப்புங்கள். லோடு வண்டியில் ஏறிப் பழகட்டும். எதிரில் இறங்கி வருபவர் வழிவிடாமல் நின்றால் எப்படி இருக்கும் என்று முதல் பத்து வளைவிலேயே தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
ஏறும்போது வழி கேட்டும் இறங்கும்போது வழிவிட்டும் பிழைப்பவன்.