உறையூர்க்காரர்

சில வீடுகளில் எந்தப் பொருளையும் நேருக்கு நேர் பார்க்க முடியாது. டி.வி. ரிமோட், கடையில் போட்டுக் கொடுத்த பிளாஸ்டிக் உறையோடுதான் இருக்கும். உறை பழுப்பேறி எந்தப் பொத்தான் எதற்கென்றே தெரியாது. உள்ளே ரிமோட் மட்டும் புதுக்கருக்கு அழியாமல் இருக்கும். சோபாவுக்கு உறை, அந்த உறை அழுக்காகிவிடக் கூடாதே என்று அதன்மேல் ஒரு துண்டு. ஃப்ரிட்ஜ் கைப்பிடிக்குக் கையுறை. வாஷிங் மெஷினுக்கு ஜிப் வைத்த சட்டை. இந்த வகையறாவை உறையூர்க்காரர்கள் என்று சொல்வது என் வழக்கம். சோழர்களுக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. பெரும்பாலும் பொதுத்துறை வங்கியில் ஓய்வு பெற்றவர்கள்.

எங்கள் மேல்வீட்டுக்காரர் உறையூரின் பட்டத்து ராஜா. அவரிடம் போய் ஒரு டூவேயைக் கொடுத்துவிட்டார் அவர் மகள். மான்செஸ்டரிலிருந்து வந்த பெட்டியில் பாதி இடம் அதற்கே போயிருந்தது. ஜவுளிக்கடையில் கம்ஃபர்ட்டர் என்று தருகிறார்களே, அதற்கு அண்ணன் முறை. வாத்தின் நெஞ்சுப்பகுதி மென்தூவி அடைத்தது. 13.5 டாக். சூட்டை எவ்வளவு பிடித்துவைக்கும் என்பதற்கு இங்கிலாந்தில் போடும் கணக்கு இது. 4.5 என்றால் கோடைக்கு, 13.5 என்றால் ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டுகிறது என்று பொருள். எங்கள் வேளச்சேரியில் கொட்டுவதெல்லாம் மழைதான்.

மனிதர் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. அவருக்கு டூவேயில் பிடித்ததே வேறு: பிறவியிலேயே உறை கேட்கிற பொருள் அது. ரிமோட்டுக்கு உறை போட்டால் வீட்டில் சிரிக்கிறார்கள். டூவேக்கு உறை போடாவிட்டால்தான் சிரிப்பார்கள். இத்தனை வருஷம் தனி ஆளாகச் சொல்லிவந்ததை ஐரோப்பாவே ஒப்புக்கொண்டுவிட்ட நிம்மதி அவர் முகத்தில் தெரிந்தது.

இங்கிலாந்துக்காரர்களே ஒரு காலத்தில் விரிப்பு, கம்பளி, அதற்குமேல் இன்னொரு கம்பளி என்று அடுக்கி, ஓரங்களை மெத்தைக்கடியில் செருகிப் படுத்தவர்கள்தான். 1964-இல் லண்டன் ஃபுல்ஹாம் சாலையில் ஹாபிடாட் கடையைத் திறந்த டெரன்ஸ் கான்ரன்தான் டூவேயை அவர்களிடம் பிரபலப்படுத்தியவர். காலையில் ஓர் உதறு உதறினால் போதும், படுக்கை தயார் என்பதே அதன் கவர்ச்சி. வேலையைக் குறைக்க வந்த அந்தச் சாமான் வேளச்சேரிக்கு வந்ததும் ஒரு முழுநேர உத்தியோகமாகிவிட்டது.

உறை மாட்டும் வைபவத்தைச் சொல்ல வேண்டும். வீடியோவில் பார்த்த முறை சுலபமானதுதான். உறையை உள்வெளியாகத் திருப்பிக் கட்டிலில் விரி. மேலே டூவேயைப் போட்டு, உறையின் உள்மூலையில் இருக்கும் நாடாவை டூவே மூலைகளில் முடி. மூடிய பக்கத்திலிருந்து பாய் மாதிரி சுருட்டிக்கொண்டே வந்து, வாய்ப்பக்கத்தை அந்தச் சுருட்டின்மேல் புரட்டி, பிரித்துவிடு. ஆனால் நம்மவருக்குச் சுருட்டு வேலையில் நம்பிக்கை கிடையாது. நேர்வழியாக உறைக்குள் தானே இறங்கிவிடுவார். நான் ஒருமுறை போனபோது கட்டிலில் பூப்போட்ட ஓர் உருவம் நடமாடிக்கொண்டிருந்தது.

“மூலை சிக்கிடுச்சு!” என்றது உருவம்.

“எந்த மூலைங்க?” என்றார் மனைவி, பீன்ஸ் நறுக்குவதை நிறுத்தாமல்.

“அதுதான் தெரியலை.”

உறையை வாரம் ஒரு தரம் 60 டிகிரி வெந்நீரில் துவைக்கிறார். படுக்கைத் தூசிப்பூச்சி அந்தச் சூட்டில்தான் சாகும், வெதுவெதுப்புக்கு மசியாது. ஈரக்காற்று வீசும் நம் கடற்கரை ஊர்களில் அதற்குக் கொண்டாட்டம் என்பதும் நிஜம். துவைக்கப் போடுமுன் உறையின் பொத்தான்களைப் பூட்ட வேண்டும் என்பதிலும் அவர் கறார். பூட்டாத உறை ட்ரம்முக்குள் வாயைத் திறந்துகொண்டு கைக்குட்டை, சாக்ஸ், பேரனின் டவுசர் எல்லாவற்றையும் விழுங்கி, நடுவில் ஈரம் காயாத மூட்டையாக வெளியே வரும். இதுவரை அவர் சொல்வது எல்லாமே சரி. உறையூர்க்காரர்களிடம் உள்ள தொல்லையே இதுதான்: தப்பு கண்டுபிடிக்க முடியாது.

டூவேயின் ஓரத்தில் தைத்திருக்கும் வெள்ளைத் துண்டை அவர் பூதக்கண்ணாடி வைத்துப் படித்து மனப்பாடம் செய்திருக்கிறார். தொட்டிப் படம் துவைப்பு. குறுக்கே அடித்த முக்கோணம், ப்ளீச் ஆகாது. சதுரத்துக்குள் வட்டம், டிரையர். இதைத் தெருமுனை இஸ்திரிக்காரருக்கும் வகுப்பெடுத்தார். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சார், முக்கோணம் வட்டமெல்லாம் எனக்குத் தெரியாது. ஒரே பொட்டி, ஒரே சூடு. உறைக்குப் பதினஞ்சு ரூபா” என்றார்.

உள்ளே இருக்கும் டூவேயை அடிக்கடி நனைக்கக் கூடாது. வருஷத்துக்கு ஒரு தரமே தாராளம். நம் இலவம்பஞ்சு மெத்தையை யார் துவைத்தார்கள்? மொட்டைமாடி வெயிலில் போட்டுப் பிரம்பால் நாலு சாத்து சாத்துவார்கள். ரொம்பக் கட்டிதட்டினால் பஞ்சடிக்கிறவர் வில்லோடு வந்து உட்காருவார். வடக்கே ரஜாய்க்கும் அதே வைத்தியம்தான்: பஞ்சை வெளியே எடுத்து அடித்துத் திரும்ப அடைப்பது. வாத்துத் தூவிக்கு வில் உதவாது. தண்ணீர்தான், அதுவும் பார்த்துப் பார்த்து.

வீட்டு 7 கிலோ மெஷினில் அது நுழையும், புரளாது. ஆகவே மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் பெரிய பிளாஸ்டிக் தொட்டி வைப்பார். கொஞ்சமாக லிக்விட், ஃபேப்ரிக் சாஃப்ட்னர் கூடவே கூடாது, தூவியில் படிந்து பொங்கவிடாது. நுரை போகும்வரை அலச வேண்டும். லாரித் தண்ணீர் வாங்கும் மாதத்தில் இது நடப்பதால் அசோசியேஷன் செயலாளர் படியேறி வருவார், பார்ப்பார், ஒன்றும் சொல்லாமல் இறங்கி, இரவில் வாட்ஸப் குழுவில் சொல்வார். நனைந்த டூவேயைப் பிழியக் கூடாது. ஒற்றைக் கையால் தூக்கினால் தையல் விடும். வாட்ச்மேன், டிரைவர், இவர், நான் என நாலு பேர் நாலு மூலை பிடித்து, சுவாமி புறப்பாடு மாதிரி கொடிக்குக் கொண்டுபோவோம். ஊரே கோழிப்பண்ணை வாடை அடிக்கும்.

அதற்குப் பிறகுதான் நிஜமான சண்டை. டிரையர் இருந்தால் இரண்டு டென்னிஸ் பந்தைக் கூடப் போட்டு ஓடவிடலாம். பந்து முட்டி மோதித் திரண்ட தூவியைப் பிரித்துவிடும். இவரிடம் பந்து இருக்கிறது, டிரையர் இல்லை. எனவே குடை பிடித்துக்கொண்டு நின்று, மணிக்கொரு தரம் திருப்பிப் போட்டு, கட்டம் கட்டமாக உள்ளங்கையால் தட்டுவார். உள்ளே துளி ஈரம் நின்றாலும் பூஞ்சை பிடிக்கும். ஆகவே இரண்டு மூன்று நாள் வெயில் வேண்டும். அந்த வெயிலை ஜவ்வரிசி வடாமுக்காக ஏற்கெனவே எதிர்வீட்டு அம்மாள் பாத்தியப்படுத்தியிருப்பார்.

“சார், உங்க பொதி நிழல் என் வடாத்துல விழுது.”

“மேடம், உங்க வடாத்துக்கு வர்ற காக்கா என் டூவேல உக்காருது.”

காக்காய் மட்டும் இரண்டு தரப்பிலும் சுமுகமாகப் போய்வந்தது.

காய்ந்ததும் உள்ளுறை, அதன்மேல் வெளியுறை, அதன்மேல் ஒரு பழைய வேட்டி. பிளாஸ்டிக் பையில் மட்டும் போட மாட்டார். காற்றுப் போகாவிட்டால் மக்கல் வாடை அடிக்கும் என்பது சரியான பயம். பிறகு கட்டில் பெட்டிக்குள். உபயோகிப்பதற்கு முயற்சி செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2020 முதல் வரும் ஏசிகள் 24 டிகிரியில்தான் கண்ணைத் திறக்கின்றன, அரசு உத்தரவு. 24-இல் இவர் வேர்த்து விறுவிறுத்தார். 18-க்கு இறக்கினால் மின்கணக்கு 500 யூனிட்டைத் தாண்டும். தாண்டினால் விகிதம் ஏறும். இரண்டையும் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு, தான் சென்னிமலைப் போர்வைக்குத் திரும்பிவிட்டார். டூவே யாராவது கனவான் வரட்டும் என்று காத்திருக்கிறது. அதற்கென்று ஒரு நோட்டுப் போட்டு, துவைத்த தேதி, உலர்த்திய நேரம், வெளியே எடுத்தது, உள்ளே வைத்தது எல்லாவற்றையும் கோடு கிழித்து எழுதி வருகிறார்.

போன டிசம்பரில் கனவான் வந்தார். மாப்பிள்ளை, மான்செஸ்டர்க்காரர். ராஜமரியாதையோடு டூவே வெளிவந்தது. இரவு பன்னிரண்டு மணிக்கு மாப்பிள்ளை ஹாலுக்கு வந்து, “மாமா, தப்பா நினைக்காதீங்க, மெல்லிசா ஒரு பெட்ஷீட் கிடைக்குமா?” என்றாராம்.

காலையில் நான் பேப்பர் வாங்கப் போனபோது நோட்டைக் காட்டினார். உபயோகம் என்ற கட்டத்தில் “½ இரவு” என்று எழுதி, எதிரே “துவைக்க வேண்டும்” என்று சிவப்பு மையில் குறித்திருந்தார். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. மே மாதம் முதல் ஞாயிறு எனக்கு வேறு ஜோலி எதுவும் இல்லையே என்று இப்போதே கேட்டு வைத்துக்கொண்டார்.